நித்தியகல்யாணி: கஷாயமா, ஊசியா?

மடகாஸ்கர் தீவைப் பூர்வீகமாகக் கொண்ட நித்தியகல்யாணி, நம் ஊர் வேலியோரங்களில் ஆடுகூட வாய் வைக்காமல் பூத்துக் கிடக்கிறது. இதன் பூவையோ இலையையோ கொதிக்கவைத்துச் சர்க்கரை வியாதிக்குக் குடிப்பவர்கள் உண்டு. புற்றுநோய்க்கான வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஊசிகளுக்கும் இதே செடிதான் மூலம். "புற்றுநோயையே விரட்டும் செடிக்குச் சர்க்கரை எம்மாத்திரம்?" என்ற வாட்ஸ்அப் வாதம் இப்படித்தான் கிளம்புகிறது.

கஷாயப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் குடித்திருக்கிறார்கள். கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் 1950களில் ஜமைக்கா இலையைச் சோதித்ததும் சர்க்கரைக்காகவே. வாய்வழியாகக் கொடுத்தபோது ஆய்வுக்கூட விலங்குகளுக்குச் சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டதும் அவை கிருமித்தொற்றில் செத்தன. ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்ற யோசனை அங்கே பிறந்தது. 1958இல் நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

ஆக, ஊசியின் பலமே அதன் நச்சுத்தன்மைதான். இரண்டு மருந்துகளுமே செல் பிரிவதைத் தடுப்பவை. வின்கிரிஸ்டின் சிறுவர்களின் ரத்தப் புற்றுநோயில் முக்கிய மருந்து. ஆனால் நரம்பைத் தாக்கிக் கை கால்களை மரத்துப்போக வைக்கும். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரும் வின்பிளாஸ்டின் வெள்ளணுக்களைக் குறைக்கும். வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை. ரத்தக்குழாய் (சிரை) வழி மட்டுமே ஏற்ற வேண்டும்; முதுகுத்தண்டு நீரில் தவறிப் போட்டால் உயிருக்கே உலை.

அப்புறம், அளவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். நாலு பூ போட்ட தம்ளரில் புற்றுநோய் மருந்து எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகக் கஷாயம் பச்சைத் தண்ணீர் என்றும் ஆகிவிடாது. செடியில் ஆல்கலாய்டுகள் எனும் வீரியமான தாவர வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன, எது எவ்வளவு இறங்கியது என்று அடுப்படியில் அளக்க முடியாது.

என்னைக் கேட்டால், புற்றுநோய்க்கு ஊசிதான், சர்க்கரைக்கு மாத்திரைதான். கர்ப்பிணிகள் கஷாயத்தைத் தொடவே வேண்டாம். மாத்திரையோடு ஏற்கெனவே குடித்து வருகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.