பழைய டீசல் டிராக்டர் ஸ்டார்ட்டிங் தொல்லை: எந்த ரிப்பேர் நின்றது, எது நிற்கவில்லை

சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை என்றதும் பழி விழுவது பேட்டரி மேல்தான். புதுசு போட்டால் கிளம்பியும் விடும். சில மாதம் போனதும் மறுபடி அதே தொல்லை. புது பேட்டரியின் தெம்பு, கேபிளில் இருக்கும் கோளாறைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். பல வருஷ ஓட்டத்தில் நிலைத்து நின்ற ரிப்பேர்களில் பாதி, பார்ட்ஸே வாங்காமல் செய்பவை.

கோளாறு பேட்டரியில் இல்லை என்று உறுதிசெய்ய ஒரு நிமிஷம் போதும். ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் (இஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் அதைத் தொட வேண்டாம். அடுத்தது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடம்போடு இணைக்கும் கேபிள். இஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் கம்பியை (டீசலை நிறுத்தும் கம்பி) இழுத்து வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் தலையிலும் (கிளாம்ப்பில் வைத்தால் கோளாறு தெரியாது), இன்னொன்றை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் ஊன்றி, ஐந்து விநாடி சுற்ற விடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால்? 200 ஆம்பியர் ஓடும் இடத்தில் அது 200 வாட் சூடு. தொட்டாலே எந்த முனை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் எர்த் பட்டை கியர்பாக்ஸில் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும். பளபளவென இரும்பு தெரியும் வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். அதைவிட மேல், எர்த் கேபிளை செல்ஃப் மோட்டார் மவுன்டிங் போல்ட்டுக்கே கொண்டுவருவது. செய்தவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை.

சாவி திருப்பினால் சத்தமே இல்லை, பத்தாவது தடவை எடுக்கிறது என்றால் சாவி சுவிட்சைப் பாருங்கள். சொலினாய்டு (செல்ஃபின் மேல் உள்ள மின்காந்த சுவிட்ச்) செல்ஃபின் பல் சக்கரத்தைத் தள்ளும் அந்த நொடியில் முப்பது ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். அது முழுக்க சுவிட்சின் மெல்லிய பித்தளை வழியாகப் போகிறது, கருகாமல் என்ன செய்யும்? பேட்டரியில் 12 இருக்க, சொலினாய்டின் சின்ன டெர்மினலுக்கு 9 வருகிறது என்றால் இதுதான். சுவிட்சை மாற்றினாலும் திரும்பக் கருகும். 40 ஆம்பியர் ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) ஒன்று போடுங்கள். அதன் கால்களில் உள்ள எண்ணின்படி: 30-க்கு செல்ஃபின் பேட்டரி போல்ட்டிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87-லிருந்து சொலினாய்டுக்கு, 86-க்கு பழைய சாவி ஒயர், 85 எர்த். கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் பழைய ஒயரிலேயே இருப்பதால் பாதுகாப்பும் கெடாது. ஸ்குரூ டிரைவரால் டெர்மினலை ஷார்ட் செய்யும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கியரில் இருந்தால் பின் சக்கரம் நேராக நிற்பவர் மேல்தான் ஏறும்.

'டகடக' என்று அடித்தால் பேட்டரி இறக்கம் அல்லது லூஸ் முனை. ஒரே 'டக்' என்றால் சொலினாய்டின் செம்புத் தலை தேய்ந்தது, இல்லையென்றால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு). குளிரில் நன்றாக எடுத்து, சூட்டில் மட்டும் முனகினால் புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) உரசுகிறது. புஷ்ஷை விட்டுவிட்டு பிரஷ் மட்டும் மாற்றும் அரை வேலை வீண்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லையா, சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தம்), நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) பக்கம் தேட வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஸ்டாப் கம்பி முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பார்ப்பதில் வெட்கமில்லை.

தினமும் காலையில் மட்டும் ஏர் எடுக்க (டீசல் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டியிருந்தால் டீசல் பம்ப்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள். டேங்குக்கும் பீட் பம்ப்புக்கும் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) நடுவே காற்று நுழைகிறது. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை. பீட் பம்ப்புக்கு முன் ஒரு சாண் டீசல் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி ஓட்டுங்கள். குமிழி ஓடினால் கோளாறு டேங்க் பக்கம்: செடிமென்ட் கிண்ணத்தின் (டீசலில் உள்ள தண்ணீர், தூசி தங்கும் கிண்ணம்) கெட்டியான ரப்பர், பேன்ஜோ போல்ட்டின் (டீசல் பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்) பழைய செம்பு வாஷர். வாஷரைத் திருப்பிப் போடுவது ஒரு மாதம் நிற்கும், புதுசு வருஷக்கணக்கில் நிற்கும். பிறகு ஃபில்டர், பம்ப், நாசில் பைப் நட் என்ற வரிசையில், நுரை நின்று சுத்த டீசல் வரும் வரை ஏர் எடுங்கள். செல்ஃப் சுற்றும்போது நாசில் பைப் அருகே கையை வைக்காதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஈதர் ஸ்பிரே (சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் திரவம்) அடித்துக் கிளப்புவது எதையும் சரிசெய்வதில்லை. மேனிஃபோல்டில் (இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) ஹீட்டர் உள்ள வண்டியில் அடித்தால் அங்கேயே வெடிக்கும்.