ஜாம் போத்தலுக்குள் ஜிகினா: ஹட்டன் பம்ப் கடை

இந்தக் கடைக்குப் பலகை இருக்கிறது, பெயர் இல்லை. மூன்று மொழியிலும் "டீசல் பம்ப், இன்ஜெக்டர்" என்று எழுதியிருக்கும். கீழே ஒரு போன் நம்பர், அதில் கடைசி இரண்டு இலக்கம் மழையில் உரிந்துபோய்விட்டது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனைத் தாண்டி டிக்கோயா பக்கம் போகும்போது "பம்ப் பாஸ் எங்கே" என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்.

நான் தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்குத் தினமும் படிப்பிக்கப் போகிறவள். பாடம் விஞ்ஞானம். கார் காமன் ரெயில் டீசல். தம்பி கட்டாருக்குப் போகும்போது மிச்ச லீசிங்கோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனது. காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஸ்டார்ட் பண்ணவும் கழுவவும்தான்.

பிரச்சினை இப்படித் தொடங்கியது. லிந்துலை தாண்டி ஏற்றம் வந்தால் காருக்கு இழுவை இல்லை. எவ்வளவு மிதித்தாலும் முப்பதைத் தாண்டாது, எஞ்சின் லைட் எரியும். ஓரங்கட்டி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும், அடுத்த ஏற்றம் வரைக்கும். பின்னால் மரக்கறி லொறி ஹோர்ன் அடித்த அடியில் ஒருநாள் அழுதே விட்டேன். காலைப் பனியில் ஸ்டார்ட் ஆகவும் நேரம் எடுத்தது.

முதலில் போனது வேறு கராஜுக்கு. பெயர் வேண்டாம். ஸ்கேன் போட்டார்கள், பி 0087 என்று வந்தது. ரெயிலில் டீசல் அழுத்தம் போதவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ரெயில் என்பது பம்ப் அழுத்தி அனுப்புகிற டீசலை இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற குழாய், இன்ஜெக்டர்தான் அதை எஞ்சினுக்குள் பீய்ச்சுகிறது. ஏன் போதவில்லை என்று அந்தக் கோட் சொல்லாது, காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மோமீற்றர் சொல்வதோடு சரி. பில்டரை மாற்றி, கோடை அழித்து, 18,000 ரூபா வாங்கினார்கள். ஒன்பது நாளில் பழையபடி. திரும்பப் போனால் "நாலு இன்ஜெக்டரும் போடணும் மிஸ், இல்லாட்டி வேலைக்காகாது" என்றார்கள். எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. பழைய பில்டர் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டாச்சாம். விடை அதற்குள்தான் இருந்திருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது.

பம்ப் பாஸிடம் போனதும் அவர் பொனட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். "டீச்சர், எப்பவாவது டாங்கி வத்தி நின்னிருக்கா? பெட்ரோல் மாறி அடிச்சீங்களா? கேன்ல வாங்கி ஊத்தியிருக்கீங்களா?" தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கோல் எடுத்துக் கொடுத்தேன். 2022இல் டீசல் லீட்டர் 460 ரூபாவுக்கு ஏறியும் எரிபொருள் ஷெட்டில் கிடைக்காத அந்த நாட்களில், கியூஆர் பங்கீட்டு முறை வருவதற்கு முன், இவன் கேனில் கிடைத்ததையெல்லாம் ஊற்றி ஓட்டியிருக்கிறான். இரண்டு தரம் டாங்கி வற்றி நடுரோட்டில் நின்றிருக்கிறது. எனக்கு இதெல்லாம் அன்றுவரை தெரியாது.

பாஸ் தலையை ஆட்டினார். இந்த பம்புக்கென்று தனி ஒயில் கிடையாதாம், உள்ளே ஓடுகிற டீசலேதான் அதற்கு எண்ணெய். டாங்கி வற்றினால் காற்று உள்ளே புகுந்து இரும்போடு இரும்பு உரசும். மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்பு குறையும். நம் ஊரில் அரை டாங்கியோடு ராத்திரி குளிரில் நிறுத்தினால் உள்ளே ஈரம் வியர்த்து தண்ணீராக இறங்கும், அதுவும் கெடுதல். "இதுல எது முதல்ல தொடங்கிச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு காட்டுறேன்" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் நான் அங்கே உட்கார்ந்தேன்.

பிறகு ஸ்கேனரை மாட்டி, பையன் கையில் கொடுத்து, என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டினார். திரையில் இரண்டு இலக்கம். கம்ப்யூட்டர் கேட்கிற அழுத்தம் ஒன்று, உண்மையில் கிடைப்பது ஒன்று. சும்மா நிற்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏற்றத்தில் மிதித்ததும் கேட்டது 1,200 பார், கிடைத்தது 700 சொச்சம். அப்போதும் அவர் பம்ப் என்றும் சொல்லவில்லை, இன்ஜெக்டர் என்றும் சொல்லவில்லை. பில்டர் அடைத்திருந்தாலும், கட்டுப்பாட்டு வால்வு சிக்கியிருந்தாலும், இன்ஜெக்டர் உள்ளே ஒழுகினாலும் இதே இலக்கம்தான் வருமாம்.

அடுத்தது பில்டர், இரண்டு மாதம்கூட ஆகாதது. அதிலிருந்த டீசலை வெள்ளை ஜாம் போத்தலில் வடித்து ஜன்னல் கட்டையில் வைத்தார். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் பிரிந்திருந்தது. அதற்கு மேலே பார்த்தால், டோர்ச் வெளிச்சத்தில், கல்யாண அழைப்பிதழ் ஜிகினா மாதிரி என்னவோ மினுங்கியது. போத்தலுக்கு வெளியே காந்தத்தை வைத்து மெதுவாக இழுத்தார். மினுக்கத்தில் பாதி காந்தத்தோடு ஓடி வந்தது, மீதி அசையவில்லை. நான் ஏழாம் ஆண்டுக்கு இரும்புத்தூளும் கந்தகமும் கலந்து காட்டுகிற அதே பாடம். "வராதது அலுமினியம். பம்ப் உடம்பு. காந்தத்துல ஒண்ணும் ஒட்டலைன்னா சுத்தம்னு நினைச்சிறக் கூடாது டீச்சர்."

பில்டரின் தகரக் கூட்டையும் பிரித்தார். அதற்கென்று சில்லு வைத்த ஒரு வெட்டி வைத்திருக்கிறார். ஹெக்ஸோ பிளேடால் அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றிவிடுமாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை நம்பலாம் என்று பட்டது. காகிதத்தை சேலைக் கொசுவம் விரிக்கிற மாதிரி மடிப்பு மடிப்பாக விரித்தார். மடிப்பெல்லாம் சாம்பல் நிற மை, நடுவில் வெள்ளிப் பொடி. டாங்கித் துரு என்றால் செங்கல் நிறத்தில் இருக்கும், இது அதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். பில்டர் இருப்பது பம்புக்கு முன்னால். பம்ப் தேய்ந்த தூள் எப்படிப் பின்னோக்கி பில்டருக்கு வரும்? கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பம்பும் இன்ஜெக்டரும் எரிக்காத டீசலைத் திருப்பி அனுப்புகின்றன, அது டாங்கிக்குப் போகிறது, அங்கிருந்து மறுபடி பில்டருக்கு. ஆக, பில்டரில் உலோகம் தெரிகிறதென்றால் அது ஏற்கெனவே முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டது. பம்புக்குப் பின்னால் அதை முழுக்கப் பிடிக்கிற பில்டர் எதுவும் இல்லை. நேரே ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். இன்ஜெக்டருக்குள்ளே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரோன்தான், நம் தலைமயிர் எழுபது மைக்ரோன் வரும்.

கடைசியாக பம்பிலிருந்து கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றினார். அதன் முனையில் சின்ன வலை. அதில் ஒட்டியிருந்ததை வெள்ளைத் துணியில் தேய்த்து என் கையில் கொடுத்தார். கண் மை டப்பாவில் வெள்ளியைக் கொட்டின மாதிரி. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் டியூப் மாட்டி, ஒரே அளவான நாலு சின்னப் போத்தலில் பிடித்தார். இரண்டு சீக்கிரமே நிரம்பிவிட்டன, உள்ளே ஒழுகுவது அந்த இரண்டு இன்ஜெக்டரும்தான். நாலும் பழுது என்று முதல் கராஜ் சொன்னது ஞாபகம் வந்தது.

பிறகு செலவு. அதில் அவர் சர்க்கரை தடவவில்லை. பம்ப் மட்டும் மாற்றினால் பழைய தூள் புது பம்பையும் தின்றுவிடும். பம்ப், ரெயில், ஹை பிரஷர் பைப், இரண்டு இன்ஜெக்டர் மாற்ற வேண்டும். மற்ற இரண்டையும் பிரித்துக் கழுவி பெஞ்சில் டெஸ்ட் பண்ண வேண்டும். டாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும். ரெயிலைக் கழுவிப் போடலாமே என்று கெஞ்சினேன். மூலை முடுக்கில் தூள் ஒளிந்திருக்கும், நான் பொறுப்பெடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பம்ப், கொழும்பில் பழைய பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பழையது, அவர் பெஞ்சில் ஓட்டிக் காட்டியது. எல்லாம் சேர்த்து 462,000 ரூபா. சோதனைக்கு மட்டும் தனியாக 8,500. "இதோட எடுத்துக்கிட்டு போய் வேற இடத்துலயும் கேளுங்க" என்று பழைய பில்டரையும் வால்வின் படத்தையும் கொடுத்துவிட்டார். இரண்டு இடத்தில் கேட்டேன். திரும்பி வந்தேன். சீட்டு எடுத்துக் கட்டினேன், இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

குறை இல்லாமலில்லை. நாலு நாள் என்றார், பதின்மூன்று நாள் ஆனது. அத்தனை நாளும் பஸ்ஸில் தொங்கினேன். போன் எடுக்கவே மாட்டார், நேரில் போனால்தான் பதில். பில் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் கொப்பித் தாளில். பெண்கள் பாவிக்கிற மாதிரி கழிப்பறை இல்லை, பக்கத்து ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும். அதைச் சொன்னபோது மட்டும் காது கேட்காத மாதிரி இருந்தார்.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் பில்டரைக் கொண்டுவாங்க, திரும்ப வெட்டிப் பார்க்கணும் என்று சொல்லியிருந்தார். போனேன். அன்றைக்குக் கூலி வாங்கவில்லை, பில்டர் காசு மட்டும். மடிப்பில் லேசான பழுப்பு, மினுக்கம் இல்லை. ராதல்ல ஏற்றத்தில் இப்போது மரக்கறி லொறிதான் எனக்கு முன்னால் மூச்சு வாங்குகிறது.

போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று பூட்டு. காலை எட்டுக்கு முன் போனால் உங்கள் வாகனம்தான் முதல். பழைய பில்டரை எறியாமல் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார். ஒரு ஸ்வெட்டரும் இருக்கட்டும், அந்த ஸ்டூல் இருக்கிற இடத்துக்கு வெயில் பத்தரைக்குப் பிறகுதான் வரும்.