மாதம் 360 மாத்திரை, வடித்த மரச்சீனி: நான்கு வருட அனுபவம்

களியக்காவிளைப் பக்கம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும்தான் எங்கள் சாப்பாடு. 56 வயதில் எனக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இரத்தக் கழிவு) 2.6 வந்தது; சிறுநீரகம் வடிகட்டும் அளவு 28. நாளைக்கு 36 கிராம் புரதம் போதும் என்ற டாக்டர், கூடவே கீட்டோ அனலாக் மாத்திரையும் எழுதினார். நாளைக்கு 5 கிலோ எடைக்கு ஒன்று என்று, 60 கிலோ எனக்கு மூன்று வேளையும் நான்கு நான்கு. மாதம் 360.

அமினோ அமிலத்தில் நைட்ரஜனை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் இந்த மாத்திரை. உடம்பில் தேங்கும் நைட்ரஜனைச் சேர்த்து உடம்பே அதை அமினோ அமிலமாக்கிக்கொள்ளும். இது புரியாமல், மாத்திரைதான் போடுகிறோமே என்று முதல் மூன்று மாதம் மீனை வழக்கம்போலவே தின்றேன். புரதக் கழிவான யூரியா இரத்தத்தில் குறையவே இல்லை. ஒரு சிறு துண்டாகக் குறைத்த பிறகுதான் இறங்கியது. மாத்திரையிலேயே கால்சியம் இருப்பதால், தனியாகப் போட்டுவந்த கால்சியத்தை டாக்டர் நிறுத்திவிட்டார்.

என்னைப் பயமுறுத்தியது உப்பு. 'சோடியம் குறைந்த உப்பு, கிட்னிக்கு நல்லது' என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கினேன். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். போதாததற்கு அம்மா, "இளநி குடி மக்களே, சூடு தணியும்" என்று தினமும் வெட்டிக் கொடுத்தாள். இளநியிலும் பொட்டாசியம் உண்டு; பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் 6.1. அன்றே ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அளவு அது. சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் அந்த உப்பு வேண்டவே வேண்டாம். சாதாரண உப்பையே அளந்து போடுங்கள். பப்படம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் நான் விட்டுவிட்டேன்.

மரச்சீனியை மட்டும் விட முடியவில்லை. வாரம் ஒருநாள், ஒரு கை அளவு. மனைவி அதைப் பொடியாக நறுக்கி, பானை நிறையத் தண்ணீரில் கொதிக்க விடுவாள். நுரை பொங்கியதும் வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைப்பாள். கிழங்கில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். ருசியும் கொஞ்சம் போகும், சரி, போகட்டும்.

இப்போது 60 வயது. கிரியாட்டினின் 3.0, வடிகட்டும் அளவு 23. டயாலிசிஸ் இன்னும் தேவைப்படவில்லை. மாத்திரைச் செலவு பெரிய பாரம்தான். இரத்தப் பரிசோதனை பார்க்காமல் யாரும் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது. என் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

பாறசாலையில் அக்கா வீட்டில் ஓணச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், என் இலையில் நேந்திரம்பழமும் பப்படமும் வைக்காமல், உப்பில்லாமல் தாளித்த வெள்ளரிக்காய்ப் பச்சடியை இரண்டு தரம் வைப்பாள் அக்கா.