தெரபிஸ்டைப் பொருத்திக் கொடுக்கும் ஆப்பா, நாமே தேடுவதா, 14416 என்ற மனநல உதவி எண்ணா?

அப்பா தவறியபோது நான் துபாயில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சென்னைக்கே திரும்பிய பிறகும் பல மாதம் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து, தெரபிஸ்டை, அதாவது பேசியே மனநலச் சிகிச்சை தருபவரை, பொருத்திக் கொடுக்கும் ஆப் ஒன்றில் படிவத்தை நிரப்பினேன். வயது, தூக்கம், பதற்றம், ஆணா பெண்ணா, எந்த மொழி என்று இருபது கேள்விகள். இரண்டே நிமிடத்தில் ஒரு பெயரும் படமும் வந்துவிட்டன.

இந்த வழியின் பலம் இதுதான். அக்கம்பக்கத்திலோ சொந்தத்திலோ விசாரிக்கக் கூச்சப்படும் விஷயத்துக்கு, அந்த நேரத்தில், யாருக்கும் தெரியாமல் ஒரு கதவு திறக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மொழிக்கு நேரே தமிழ் என்று குறித்திருந்தேன். வந்தவரும் தமிழில்தான் பேசினார். "கொள்ளி வைக்கக்கூட என்னால வர முடியல" என்றேன். கொள்ளி என்றால் என்ன என்று கேட்டார். வேறு ஊரில் வளர்ந்தவர், அவர் மேல் தப்பில்லை. ஆனால் பிள்ளை கொள்ளி வைப்பது, தம்பி வைத்தது என்று நான் விளக்கி முடித்தபோது, தொண்டை வரை வந்திருந்த அழுகை உள்ளே போய்விட்டது. அதை அழுது தீர்க்கத்தான் நான் போயிருந்தேன்.

நான்கு செஷனுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆளை மாற்றித் தரக் கேட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் எழுதியது இங்கே பொருந்தும். சிகிச்சை உறவுக்கு மூன்று வேண்டும் என்றார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு. மூன்றுமே பேசிப் பழகித்தான் தெரியவரும். படிவம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இருபது பதில்களும் எங்கே போகின்றன? உலகம் முழுக்க விளம்பரம் செய்யும் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம், பயனாளர்களின் மின்னஞ்சல், கேள்விப்படிவ விவரங்கள் போன்றவற்றை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. அந்த வழக்கு 78 லட்சம் டாலருக்கு முடிந்தது. எந்த ஆப்பாக இருந்தாலும் உண்மையான பெயரைக் கொடுக்கும் முன் அதன் தனியுரிமைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

நாமே தேடுவது மெதுவான வேலை. முதலில் தகுதியைப் பார்க்க வேண்டும். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்ல வேண்டும். மருந்து தேவைப்பட்டால் அது சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவரின் வேலை. அதன் பிறகு போன் போட்டு, பணம் கட்டும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் பேசலாமா என்று கேளுங்கள். எனக்கு நாலு பேரில் இரண்டு பேர் சரி என்றார்கள். படுக்கையை விட்டே எழ முடியாத நிலையில் இருப்பவருக்கு நாலு போன் என்பது மலை. கூட இருப்பவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

14416-ஐ இந்த இரண்டோடும் நேராக ஒப்பிடக் கூடாது. அது 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ், போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவை. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஆளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, மாதக்கணக்கில் ஒருவரோடே தொடர்ந்து பேசுவதற்கான இடமும் அது இல்லை. ஆனால் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் படிவம், பட்டியல் எதையும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே இந்த எண்ணையோ, 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள்.

என் தேர்வு இரண்டாவது வழி. போனில் பேசிய கடைசி ஆள் ஓர் அம்மா, அம்பது வயசுக்கு மேல் இருக்கும். அப்பா தவறிட்டார், நான் அப்போ ஊர்ல இல்ல என்று மட்டும்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கொள்ளி யாருப்பா வெச்சது?" என்று கேட்டார்.