ஹீட் ஸ்ட்ரோக்: ஈரத்துணியா, ஐஸ் பொட்டலமா, தார்பாயா?

சித்திரை பிறந்தால் எங்கள் கேஷுவாலிட்டி அலமாரியில் ஒரு தார்பாய் ஏறிவிடும். சேலத்தில் நான் நர்ஸாக இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்தவரை ஐஸ் தண்ணீரில் முக்கிக் குளிர்விக்கத் தனித் தொட்டி வைக்க இடமில்லை, தார்பாயைத்தான் தொட்டியாக்குகிறோம். ஐஸ் பொட்டலம், ஈரத்துணி, தார்பாய் மூன்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் தார்பாய் பக்கம் சாய்ந்தேன்.

தலைசுற்றல், வாந்தி, கெண்டைக்கால் இழுப்பு, ஆனால் பேரைக் கேட்டால் சரியாகச் சொல்கிறார் என்றால் நிழலும் ஓஆர்எஸ்ஸும் பெரும்பாலும் போதும். பேச்சு குழறி, ஆளைத் தெரியாமல், உள்சூடு 104 டிகிரியைத் தாண்டினால் அது ஹீட் ஸ்ட்ரோக். வேர்வை வருகிறதே என்று ஏமாறக் கூடாது. வெயிலில் உழைத்து விழுந்தவர் உடம்பு நனைந்தே இருக்கலாம். அக்குள் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். ஆசனவாய் வழியே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் பொட்டலம் வைப்பது சுலபம். அதை மட்டும் நம்பினால் சூடு ஆமை வேகத்தில்தான் இறங்கும். துணைக்கு வைக்கலாம்.

ஈரத்துணியும் ஃபேனும் நல்ல வழி. மானிட்டர், ட்ரிப்ஸ் எதையும் கழற்ற வேண்டியதில்லை. நம்மூர் வறண்ட வெயிலுக்கு ஈரம் சட்டென்று காயும், காயக் காயத்தான் சூடு போகும். கோடை மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அந்தப் பலன் பாதியாகிவிடுகிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது நிமிடக் கணக்கு. அரைமணி நேரத்துக்குள் உள்சூட்டை 102க்கு இறக்கினால் மூளை, ஈரல், சிறுநீரகம் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஐஸ் தண்ணீரில் முக்கினால் நிமிடத்துக்குக் கால் டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இறங்கும். ஈரத்துணி, ஃபேனில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம்.

போன ஏப்ரலில் ஜவ்வரிசி ஆலைக் களத்தில் விழுந்த ஒரு தம்பியைக் கொண்டுவந்தார்கள். வழியில் ஒரு கிளினிக்கில் காய்ச்சல் ஊசி போட்டு உட்கார வைத்திருந்திருக்கிறார்கள். இந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் கேட்காது. போன நேரம்தான் போனது. எங்களிடம் வந்தபோது 107. தார்பாயில் படுக்க வைத்து, நாலு பேர் நாலு ஓரத்தையும் தூக்கிப் பிடிக்க, ஒருவர் தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்க, ஐஸும் தண்ணீரும் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருந்தோம். கையிலும் முடியிலும் ஒட்டியிருந்த கிழங்கு மாவு கரைந்து தார்பாய் முழுக்கப் பாலாகிவிட்டது. இருபது நிமிடத்தில் 102. அங்கேயே நிறுத்தி வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டால் அதற்குக் கீழேயும் சரசரவென்று இறங்கும். கண் திறந்து அவர் கேட்டது, "மாவு அள்ளியாச்சுங்களா?"

பராமரிப்பில் தொல்லை தண்ணீர்தான். மே மாத மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அதைக் கொட்டினால் ஐஸ் கரைவதுதான் மிச்சம். நாங்கள் கீழ் சம்ப்பிலிருந்து மொள்கிறோம். கரண்ட் போனாலும் தாங்கும்படி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி உறைய வைக்கிறோம். எல்லாவற்றையும்விட ஐந்தாறு பேர் கை வேண்டும். இரவு ஷிஃப்ட்டில் இரண்டே பேர் இருந்தால் நானும் ஈரத்துணி, ஃபேன்தான் போடுவேன்.

ஓட்டு வீட்டுக்குள் வெந்துபோன எழுபது வயதுப் பாட்டிகளுக்கு எது நல்லது என்பதில் எனக்கு அனுபவம் போதாது. நான் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தவர்கள் எல்லாம் இளவட்டங்கள். இதயக் கோளாறு உள்ளவர் தண்ணீரில் கிடக்கும்போது நாடி நின்றால் வெளியே எடுத்துத் துடைத்த பிறகே ஷாக் கொடுக்க முடியும். அதனால் முதியவர்களுக்கு இன்றுவரை ஈரத்துணிதான்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி முதல் வாரமே கட்டட வேலைக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் பயம். உடம்பு இந்த வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அவர்கள் மயங்கி விழுந்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை அங்கேயே குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அந்தத் தம்பி டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆலை மேஸ்திரி கேட்டார்: "சிஸ்டர், அந்தத் தார்பாய் என்ன அளவுங்க?" எட்டுக்குப் பன்னிரண்டு அடி என்றேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.