சிஇசட் 457 டிரிக்கர்: காசு போட்டு மாத்தோணுமா?

மாத்த வேண்டியதில்லைங்க. இந்த .22 ரைபிளை வாங்கின கையோட தனி டிரிக்கர் கிட் தேடறவங்க, அதுலயே இருக்கிற மூணு திருகை முதல்ல பார்க்கோணும். ஒண்ணு இழுவை எடைக்கு, அதாவது டிரிக்கரை இழுக்க எவ்வளவு பலம் வேணும்கிறதுக்கு. அடுத்தது கிரீப்புக்கு, அதாவது சியர் (தோட்டாவை அடிக்கிற ஊசியைப் பிடிச்சு வெச்சிருக்கிற கொக்கி) விடுபடறதுக்கு முன்னாடி டிரிக்கர் நகர்ற தூரத்துக்கு. மூணாவது, விடுபட்ட பிறகும் விரல் பின்னால ஓடறதை நிறுத்த.

மேகசினைக் கழட்டி, போல்ட்டை (பின்னால இழுத்து மூடற உருளையை) உருவி, சேம்பர், அதாவது தோட்டா உக்கார்ற அறை, காலின்னு கண்ணால பார்த்துட்டு ஸ்டாக்கை (மரக்கட்டைப் பகுதியை) பிரிங்க. அளக்கறதுக்குக் காலி போல்ட்டைத் திரும்பப் போட்டுக்கோங்க. எடைத் திருகைக் கால் சுத்து கால் சுத்தா தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் கொக்கித் தராசை டிரிக்கரோட நடுவுல மாட்டி பத்து தடவை இழுத்து சராசரி எடுங்க. ஒரு கிலோ பக்கம் வந்தா போதும். 50 மீட்டர் ரைபிள் போட்டியில குறைந்தபட்ச இழுவை எடைன்னு விதி இல்லைதான், அதுக்காக ஸ்பிரிங்கை லொடலொடன்னு விடக்கூடாது.

அளவு 100 கிராமுக்கு மேல ஏறி இறங்குதா? பெரும்பாலும் அழுக்குதான். திருப்பூர் பக்கம் பஞ்சுத்தூசி எண்ணெயில ஒட்டிக் கெட்டியாகுது. தேங்காய் எண்ணெய் போடறவங்களும் இருக்காங்க. அது 24 டிகிரிக்குக் கீழ உறையும், பொள்ளாச்சி மார்கழிக் காலையில டிரிக்கர் சோம்பலாத்தான் திரும்பும். ஒயிட் பெட்ரோல்ல கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

கிரீப் திருகுலதான் ஆபத்து. சியர் பிடிப்பு ரொம்பக் குறைஞ்சா போல்ட்டை வேகமா அடிச்சு மூடினாலே ஸ்டிரைக்கர், அதாவது அந்த அடிக்கிற ஊசி, விழுந்துரும். காலி ரைபிளை காக் பண்ணி (சுடற நிலைக்குக் கொண்டு வந்து), ரப்பர் மேட்டுல ரைபிளோட பின்கட்டையை ஊணித் தட்டிப் பாருங்க. அப்புறம் சேப்டி போட்டு டிரிக்கரை இழுத்து விட்டு, சேப்டியை எடுங்க. ஒரு தடவை விழுந்தாலும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டு போகோணும். மூணாவது திருகை ரொம்ப இறுக்கினா டிரிக்கர் விடுபடவே விடாது. விடுபடற இடத்துல இருந்து கால் சுத்து பின்வாங்கி வையுங்க.

ஸ்டாக்கை மாட்டின பிறகு இதே சோதனையெல்லாம் இன்னொரு தடவை. டிரிக்கர் மரத்துல உரசினா முன்ன பண்ணின அளவெல்லாம் வீண்.

கோயமுத்தூர்ல தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்குன்னு சியரை அங்க தேய்க்கக் கொடுக்காதீங்க. கோணம் அரை டிகிரி மாறினாலும் பிடிப்பு போச்சு. கடினமாக்கின மேல்தோல் தேய்ஞ்சிட்டா உள் இரும்பு சீக்கிரம் மழுங்கும். போதாததுக்கு, 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கறதுக்கே உரிமம் வேணும். சியர் வேலைன்னா உரிமம் உள்ள ஆர்மரர்கிட்டதான் (துப்பாக்கி பழுதுபார்க்கறவர்கிட்டதான்) போகோணும்.