சரளைப் பாதையில் மூன்றரை ஆண்டுகள்: சென்னையிலிருந்து ஒரு கிராவல் சைக்கிள் அனுபவம்

தார்ச்சாலையிலும் சரளை, மண் பாதைகளிலும் ஓட்டத்தக்க, அகலமான டயர் கொண்ட கிராவல் சைக்கிள் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னபோது, திருவள்ளூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவரான என் மாமனார், "கிராவல் அடிக்க லாரிதானே மாப்பிள்ளை வேணும், சைக்கிள் எதுக்கு?" என்று கேட்டார். நம் ஊரில் கிராவல் என்றால் பள்ளமான மனையை நிரப்பக் கொட்டும் செம்மண்தான். அன்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் இந்த மூன்றரை ஆண்டுகளில் நான் அதிகம் உருட்டியது ஏறக்குறைய அந்த மண்ணின் மீதுதான்.

மீட்டர் இன்று 9,640 கிலோமீட்டர் காட்டுகிறது. பாதி தார்ச்சாலை, மீதி ஏரிக்கரை, கால்வாய்க்கரை, மலைக்கிராமங்களுக்கு இடையே உள்ள மண் பாதை. அலுமினிய ஃபிரேம், வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், முன்னால் 40 பற்கள் கொண்ட ஒற்றைச் செயின்ரிங் (மிதிகட்டையோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் 11 முதல் 42 பற்கள் வரை உள்ள கியர் சக்கரங்கள். வாங்கும்போது 38 மி.மீ. டயர் போட்டிருந்தது. வண்டியைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆசையைக் கிளப்பியவன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் தம்பி. அங்கிருந்து கம்பர்லாந்து என்னும் ஊர் வரை, கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மீது சுமார் 240 கி.மீ. நீளத்துக்கு ‘கிரேட் அலெகேனி பாசேஜ்’ என்ற பாதையை அமைத்து, 2013இல் முழுமையாக்கியிருக்கிறார்கள். பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பிய தளம், நெடுந்தூரம் கூடவே வரும் யாக்ககேனி ஆறு, இருபுறமும் மலைக்காடு, மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. 729 மீட்டர் உயரத்தில் ஒரு நீர்ப்பிரிமேட்டை (மழைநீர் இருபக்கமாகப் பிரிந்து ஓடும் மேட்டை) கடக்கிற பாதையாக இருந்தும், நீராவி இன்ஜின் இழுத்துச் செல்வதற்காக வெட்டிய தடம் என்பதால் ஏற்றம் இரண்டு விழுக்காட்டுக்குள்ளேயே நிற்கிறது. அவன் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அதேபோன்ற பாதையைச் சென்னையைச் சுற்றி முதல் ஆறு மாதங்கள் தேடினேன். பலகை நட்டு, தூரம் எழுதி, சைக்கிளுக்கென்று விட்ட மலைப்பாதை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ரயிலைப் போலவே தண்ணீருக்கும் செங்குத்தான சரிவு ஆகாது என்பதும், ஆகவே நமக்கான பாதையைப் பொறியாளர்கள் கால்வாய்க்கரையாக ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதும் அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டைக்கு அருகே ‘ஜீரோ பாயிண்ட்’ என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் தமிழகத்துக்குள் நுழைந்து, சுமார் 25 கி.மீ. ஓடிப் பூண்டி ஏரியில் சேர்கிறது. 1983இல் ஒப்பந்தம் போடப்பட்டு 1996இல் முதன்முதலாக வந்து சேர்ந்த நீர் அது. அந்தக் கால்வாயின் கரைதான் என் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு இறங்கினால் எட்டரை வரை எதிர்ப்படுபவை பெரும்பாலும் பால் கேன் கட்டிய இரண்டு மூன்று பைக்குகள், மேய்ச்சலுக்குப் போகும் எருமைகள், வழியை விட மனமில்லாத நாய்கள். கரை சில இடங்களில் அரித்துப் போயிருக்கும். அங்கெல்லாம் இறங்கி ஊர்ச்சாலையில் சுற்றிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். கரை அரசுடையது, நடைபாதையாகத் திறந்துவிடப்பட்டதல்ல. ஆகவே காவலர் திரும்பச் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுவேன். எவ்வளவு வியர்த்தாலும் கால்வாயில் மட்டும் இறங்கக் கூடாது. பூசிய சரிவில் பாசி படிந்திருப்பதால், உள்ளே போன கால் மேலே வர ஒரு பிடிமானமும் கிடைக்காது.

பூண்டியை அடைந்த பிறகு நிலம் மாறுகிறது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு அல்லிக்குழி மலைப்பக்கம் திரும்பினால், செம்மண்ணோடு குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையின் உருண்டைக் கற்கள் கலக்கத் தொடங்கும். சில முட்டையளவு, சில தேங்காயளவு. டயருக்கடியில் இவை நழுவும்போது வாயில் வரும் வசவை நான் அடக்கிக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கண்டெடுத்த கற்கோடரிகள் இதே வகைக் கல்லில் செதுக்கப்பட்டவை. அங்கே நடந்த பிற்கால அகழாய்வு அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று காட்டியது. பூண்டியில் உள்ள தொல்லியல் அகழ்வைப்பகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், சரளையைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடுகிறது. கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றும். இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அந்தக் கற்களில்தான் 38 மி.மீ. டயர் எனக்குப் போதாது என்று தெரிந்தது. 72 கிலோ எடையுள்ள நான் 45 பி.எஸ்.ஐ. காற்றில் ஓட்டியபோது, ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போனது. 45 மி.மீ. டயருக்கு மாறி, முன்னால் 28, பின்னால் 32 என்று காற்றை இறக்கிய பிறகு அதே கரை வேறு கரையாகிவிட்டது. தார்ச்சாலையில் வேகம் சற்றுக் குறைந்தது உண்மை; எவ்வளவு என்று நான் அளக்கவில்லை, அளக்கும் எண்ணமும் இல்லை.

டயரின் அகலத்தைவிடப் பெரிய விஷயம் முள். கரையோரம் முழுவதும் வேலிகாத்தான், தரையில் நெருஞ்சி. டியூப் போட்டு ஓட்டிய முதல் நான்கு மாதங்களில் பதினோரு பஞ்சர். டியூப் இல்லாமல், துளையைத் தானே அடைக்கும் பால் போன்ற சீலன்ட் திரவத்தை டயருக்குள் ஊற்றி ஓட்டும் டியூப்லெஸ்ஸுக்கு மாறியபின் மூன்று ஆண்டுகளில் நடுவழியில் நின்றது இரண்டே முறை. அதில் ஒன்று முள்ளின் குற்றமே அல்ல. ஒரு மே மாதம், கரையின் நடுவே பின்சக்கரம் தொப்பென்று இறங்கியது. விரல் நீளத்துக்கு வேலிகாத்தான் முள், வெள்ளையாகக் காய்ந்த நுனி மட்டும் வெளியே தெரிந்தது. எருமை ஓட்டி வந்த பெரியவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, காத்து போய்டுச்சா?"

"ஆமாங்க ஐயா. உள்ள பால் ஊத்தியிருக்கு, தானா அடைச்சுக்கணும்."

"பாலு எங்க இருக்குது? ஒண்ணுமே ஒழுகலியே."

அவர் சொன்னதுதான் சரி. டயரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு கரண்டி அளவுகூட சீலன்ட் இல்லை. ரப்பர்த் துணுக்காகக் காய்ந்த தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் ஒரு கடையில் 60 மில்லி ஊற்றியதாகப் பணம் வாங்கியிருந்தார்கள். மூன்று வாரத்தில் அவ்வளவும் காயாது. அன்றிலிருந்து சீலன்ட்டை நானே அளந்து ஊற்றுகிறேன்: மழைக்காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் ஜூலை வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை. முள்ளைப் பிடுங்கிய உடனே துளை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் பெரும்பாலும் அரை நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு டியூபும் கைப்பம்பும் பையில் எப்போதும் இருக்கும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் ஏரிக்கரைக் களிமண் சைக்கிளுக்கு ஆகாது. மாவு பிசைந்ததுபோல் டயரில் ஏறி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். பூண்டியில் உபரி நீர் திறந்துவிட்டால் ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். நீர் கணுக்கால் அளவுதான் இருக்கிறது என்று தோன்றினாலும் இழுவை தெரியாது. அந்த மாதங்களில் நான் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மலையும் காடும் ஆறும் ஒன்றாக வேண்டுமென்றால் ஜவ்வாது மலைக்குத்தான் போக வேண்டும். காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஆண்டுக்கு இருமுறை போகிறேன். செய்யாறு பிறக்கும் மலை அது. பலா, புளி, சாமை வயல், நடுவே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள மண் பாதைகளில் அரை நாளில் பத்து வண்டிகளைப் பார்த்தாலே அதிகம். இதே மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் இருக்கும் உயரம் சுமார் 725 மீட்டர், தம்பி பெருமையடித்துக்கொள்ளும் அந்த நீர்ப்பிரிமேட்டுக்கு நான்கு மீட்டர்தான் குறைவு. ஆனால் இங்கே ரயில் தடத்தின் தாட்சண்யம் கிடையாது. சில ஏற்றங்களில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சரளையில் சும்மா சுழலும். உட்கார்ந்தபடியே, உடம்பை முன்னால் சாய்த்து, பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் பொறுமையாக ஏற வேண்டும். நான் பல இடங்களில் இறங்கித் தள்ளியிருக்கிறேன். ஒருமுறை மழை ஈரத்தில் இறங்கியபோது, புதிதாக மாற்றிய பிரேக் பேட் இரண்டே நாளில் உலோகம் தெரியத் தேய்ந்தது. மென்மையான ரெசின் பேட் ஈர மணலைத் தாங்காது. அதற்குப் பிறகு மலைக்குப் போகும்போது மெட்டல் பேட் போட்டுக்கொள்கிறேன், சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு இறுகியிருக்கிறது. வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பதற்காக அந்தக் கோட்டில் போகலாம் என்று பொருளில்லை. எனவே ஊர்களை இணைக்கும் பாதையை விட்டு நான் விலகுவதில்லை.

இப்போது போட்டிருக்கும் 45 மி.மீ. டயர் நடுவில் வழவழவென்று தேய்ந்துவிட்டது. அடுத்து 50 போடலாம் என்று ஆசை. அளந்து பார்த்தால் ஃபிரேமில் பக்கத்துக்கு நான்கு மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும், ஐப்பசிக் களிமண்ணுக்கு அது போதாது. ஆகவே டயரை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்து கரை காய்ந்த பிறகுதான் மாட்டப் போகிறேன்.